மீனுக்கு ஆர் தண்ணி மாத்துறது?

எங்கள் சனத்தில், கொண்டாட்டத்துக்கு வராமல் கொண்டாட்டத்துக்கு அடுத்த நாள் வந்து நிற்கிற ஒரே ஆள் ஜப்பான் அக்காதான். கலியாணமா, அடுத்த நாள். வீடு குடிபூரலா, அடுத்த நாள். செத்தவீடென்றால்கூட, எல்லாம் முடிந்து சனம் ஹரோவுக்கும் ஹவுன்ஸ்லோவுக்கும் திரும்பிப் போன பிறகு, மறுநாள் காலையில் மணியடிப்பது அவராகத்தான் இருக்கும். லண்டனை விட்டு டொரோண்டோவில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்கு அவர் போய்ச் சேர்ந்து வருடக்கணக்காகிறது. இன்றைக்கும் என் பிறந்தநாளுக்கு அவரிடமிருந்து போன் வராது. மறுநாள் வரும். "நேற்று எல்லாரும் எடுத்திருப்பினம். இண்டைக்கு ஆரும் எடுத்தவையே?" என்று கேட்பார். யார் எடுக்கப் போகிறார்கள்? அது அவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்காமல் விடமாட்டார்.

லண்டனுக்கு வருவதற்கு முன் சில வருடங்கள் ஜப்பானில் இருந்தவர் என்பதால் அந்தப் பெயர். எனக்குச் சொந்தமில்லை. ரெய்னர்ஸ் லேனில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், ஒரு கடைக்கு மேலே உள்ள பிளாட்டில் தனியாக இருந்தார். குள்ளமான உருவம். வெயிலோ பனியோ, முழங்கால்வரை வருகிற மண்ணிற மழைக்கோட்டு ஒன்று. எந்த வீட்டுக்குப் போனாலும் அந்தக் கோட்டைக் கழற்ற மாட்டார். கதிரையை இழுத்துப் போட்டாலும் இருக்க மாட்டார். குசினி வாசலில் நின்றபடியே தேத்தண்ணியைக் குடித்து முடிப்பார். "இருங்கோ அக்கா" என்றால், "இல்லை பிள்ளை, இன்னொரு இடத்துக்குப் போக வேணும்" என்பார். அந்த இன்னொரு இடத்தில் யாருக்காவது முதல் நாள் ஒப்பரேஷன் முடிந்திருக்கும். அல்லது ஒரு வீட்டில் பிள்ளை யூனிவர்சிட்டிக்குப் போயிருக்கும், தாய் வெறும் அறையைப் பார்த்துக்கொண்டு இருப்பாள்.

நல்ல பிள்ளைக்கு நடிக்க எனக்கு வராது. முதலில் எனக்கு அவரைக் கண்ணிலும் காட்டக் கூடாது. தெரிந்த ஒருவரின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீடு. பெரிய ஹோல், வெள்ளைக் குதிரை பூட்டிய வண்டி, புகை கக்குகிற மெஷின், எல்லாம் இருந்தது. தாய்க்காரி காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு, அக்காவை அன்றைக்கே வரவைத்துவிட்டாள். மேடைக்குக் கூட்டிப் போய், "எப்பிடி அக்கா எங்கடை வேலை?" என்றாள் பெருமையாக.

"நல்ல வடிவு" என்றார் அக்கா. "நாளைக்குப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கோ? வீட்டுப்பாடம் முடிச்சிட்டாவோ?"

தாயின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! வாயைத் திறந்தால் ஒரு நல்ல சொல் வராத மனுசி என்று அன்றைக்கு ஹோல் முழுக்கக் கதைத்தது. நானும் சேர்ந்துதான் கதைத்தேன். ஆனால் மறுநாள் அதே வீட்டுக்குப் போய், ஸ்பிரே அடித்துக் கல்லாகிக் கிடந்த அந்தப் பெட்டையின் தலைமயிருக்குத் தேங்காய் எண்ணெய் பூசி, ஒவ்வொரு பின்னாகக் கழற்றி எடுத்தவர் யார்? அக்காதான். பெட்டைக்கு நோகாமல் இருக்கட்டும் என்று பாதி நாள் இருந்து செய்தாராம். அந்தத் தாயே பிறகு சொன்னாள்.

என் முறை வந்தபோது எனக்கும் அது விளங்கியது. என் முதல் மனுசன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போன அன்று என் போன் சூடாகிவிட்டது. அழுதார்கள், அவனைத் திட்டினார்கள், எனக்குப் புத்தி சொன்னார்கள். மறுநாள் போன் செத்தது மாதிரிக் கிடந்தது. அப்போதுதான் மணி அடித்தது. மழைக்கோட்டோடு அக்கா. அழுதாயா, சாப்பிட்டாயா என்று ஒன்றும் கேட்கவில்லை.

"நாளைக்கு எந்தக் குப்பை பின் வெளியிலை வைக்க வேணும்? பச்சையோ கறுப்போ?"

 கலியாணம் செய்த நாளிலிருந்து பின் வைப்பது அவன் வேலை. எந்தக் கிழமை எந்த நிறம் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு வாசலை எட்டிப் பார்த்து, "பச்சை" என்று சொல்லி, என்னைக் கொண்டே அதைத் தெருவுக்குத் தள்ளவைத்தார். சிரிப்பீர்கள், ஆனால் சொல்கிறேன்: அந்தப் பச்சை பின்னை வாசலில் நிறுத்திய பிறகுதான் இந்த வீட்டில் இனியும் வாழலாம் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்தார். என் மகளுக்கு அப்போது ஜப்பான் கார்ட்டூன் பைத்தியம். ஒரு நாள் அக்காவைப் பிடித்து இழுத்து ஐபேடைக் காட்டினாள். கோடைத் திருவிழா. பூப்போட்ட உடுப்போடு ஒரு பெட்டை, வெட்கப்படுகிற ஒரு பெடியன். நீலத் தொட்டி நிறையத் தங்கமீன். மெல்லிய காகிதம் ஒட்டிய ஒரு வளையத்தால் பெடியன் மீனை அள்ளி, தண்ணீர் நிரப்பிய பொலித்தீன் பையில் போட்டுப் பெட்டையிடம் கொடுக்கிறான். வானத்தில் வாணவேடிக்கை.

"அன்ரி, எல்லாக் கதையிலையும் இந்த சீன் வரும். சோ கியூட்! உண்மையா அங்கை இப்பிடித்தானா?"

"ஓம், இப்பிடித்தான்" என்றார் அக்கா. "காகிதம் நனைஞ்சால் கிழிஞ்சிடும். கிழியிறதுக்குள்ளை அள்ள வேணும். ஒண்டும் பிடிக்காட்டியும் ஒரு மீன் சும்மா தருவினம்." பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டு ஐபேடைக் கிட்டப் பார்த்தார். "அடுத்த நாள் என்ன நடந்தது?"

"அடுத்த நாளா? அதோடை எபிசோட் முடிஞ்சுது."

"அப்ப மீனுக்கு ஆர் தண்ணி மாத்துறது?"

மகள் என்னைப் பார்த்தாள். கார்ட்டூனில் அந்த மீனை அதற்குப் பிறகு யாரும் காட்டியதே இல்லையாம். அக்கா குசினி வாசலில் நின்று, தேத்தண்ணியை ஊதிக்கொண்டு, வேறு யாருக்கோ நடந்ததுபோல ஒரு கதை சொன்னார். அவருடைய மனுசன் ஜப்பானில் பழைய கார் வாங்கி விற்றவராம். முதல் கோடையில் இதே மாதிரி ஒரு திருவிழாவில் இவருக்கு ஒரு மீன் பிடித்துக் கொடுத்தாராம். அதே வாணவேடிக்கை, அதே பொலித்தீன் பை. கொஞ்சக் காலத்தில் மனுசன் வேறொருத்தியோடு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

"ஐயோ" என்றேன்.

"என்ன ஐயோ? மனுசன் போயிட்டார், மீன் நிண்டது. பாஷை தெரியாத ஊரிலை அந்த மீனுக்குத் தண்ணி மாத்த வேணுமெண்டுதான் நான் காலமை எழும்பினனான். கடைசியிலை பக்கத்து வீட்டுக் கிழவியட்டைக் குடுத்திட்டு லண்டனுக்கு வெளிக்கிடேக்கை அது என்ரை கையளவு." உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, இன்னொரு இடத்துக்குப் போக வேண்டுமென்று போய்விட்டார்.

மகள் விட்டாளா? எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் கோடை விழாவில் அந்த விளையாட்டை வைக்க வேண்டும் என்று நச்சரித்து அக்காவைச் சம்மதிக்க வைத்தாள். விழாக் குழுத் தலைவர்தான் தலையைச் சொறிந்தார். "அக்கா, உயிர் மீனைச் சின்னப் பிள்ளைகளுக்குப் பரிசாக் குடுக்க ஏலாது. கவுன்சில் பிரச்சினை வரும். பிளாஸ்டிக் வாத்து வைப்பமே?"

"ஆர் குடுக்கப் போறது? பிடிக்கட்டும், பிடிச்ச உடனை திருப்பி விடட்டும். மீன் வேணுமெண்டால் அடுத்த நாள் பெரிய ஆக்களே தொட்டியும் கொண்டு என்ரை வீட்டை வரட்டும்."

விழாவன்று குழந்தைகள் குளிக்கிற காற்றடித்த பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி மீன்களை விட்டோம். அக்கா காகித வளையங்களை ஒவ்வொன்றாக நீட்டினார். எங்கள் சனம் விளையாட்டையும் சோதனை மாதிரித்தானே எடுக்கும்! பிள்ளைகள் கையை நனைப்பதற்கு முன்னமே தகப்பன்மார் பாய்ந்து விழுந்தார்கள். "விடு, அப்பா காட்டுறன்" என்று பிடுங்கிய ஒரு பல் டொக்டரின் காகிதம் தண்ணீரில் பட்டதுமே கிழிந்தது. அவர் காகிதத்தில்தான் பிழை என்று நிரூபிக்கப் பார்த்தார். ஒரு தாய் என் காதுக்குள், "இதுக்கு வகுப்பு ஏதும் எடுக்கிறவவே?" என்று கேட்டாள், சத்தியமாக. பிடித்தவர், பிடிக்காதவர் எல்லாரிடமும் அக்கா ஒரே கதைதான் சொன்னார். "கிழிஞ்ச ஆக்களுக்கும் ஒரு மீன் இருக்கு. நாளைக்கு வாங்கோ."

அந்தக் கூட்டத்தில், ஹவுன்ஸ்லோவிலிருந்து நண்பனின் குடும்பத்தோடு வந்த ஒரு தமிழ்நாட்டுக்காரரும் இருந்தார். விமான நிலையத்தில் பெட்டிகள் போகிற பெல்ட்டுகளைப் பழுது பார்க்கிற இன்ஜினியர். கை நிறையத் தொழில் இருந்து என்ன, மீனுக்குக் கிட்டப் போக முதலே காகிதம் பிய்ந்துவிட்டது. அந்த ஓட்டைக்குள்ளால் மீனைப் பார்த்து, "ஸாரிடா" என்றார். நான் பக்கத்தில் நின்று சிரித்துவிட்டேன்.

அடுத்த நாள் கொட்டோ கொட்டென்று மழை. தொட்டியைக் கழுவ உதவி செய்யலாமென்று அக்கா வீட்டுக்குப் போனேன். மீன்களெல்லாம் பெரிய பெரிய வாளிகளில் இருந்தன. காலை போய் மத்தியானமும் போயிற்று. ஒரு குஞ்சு குருமானும் வரவில்லை.

"நேற்று மீன் வேணுமெண்டு நிலத்திலை உருண்டு அழுததுகள் எங்கை அக்கா?" என்றேன்.

"அது நேற்றைய அழுகை" என்றார் அக்கா.

மூன்று மணிபோல் மணி அடித்தது. தெப்பமாக நனைந்த ஒரு ஆள், குப்பைப் பையால் சுற்றிய ஒரு கண்ணாடித் தொட்டியைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு நின்றார். ஹவுன்ஸ்லோவில் பிக்கடில்லி லைன் ரயில் ஏறி, ஆக்டன் டவுனில் மாறி, அதைச் சுமந்துகொண்டே வந்திருக்கிறார்.

"நேத்து சொன்னீங்கல்லம்மா, நாளைக்கு வந்தா மீன் தர்றேன்னு? வந்துட்டேன். அந்த வெள்ளை வால் மீன் இருக்குதா?"

அக்கா தொட்டியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். பிறகு, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு காற்றுத் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த என்னையும் ஒருமுறை பார்த்தார். எத்தனை நாளைக்கு ஒருக்கால் தண்ணீர் மாற்றுவது, எவ்வளவு தீன் போடுவது என்று ஒரு மணித்தியாலம் வகுப்பெடுத்து மீனைக் கொடுத்தார்.

"ஏதாவது சந்தேகம்னா உங்களுக்கு போன் பண்ணலாமா?" என்று அவர் கேட்டார்.

"எனக்குப் போன் சரிவராது, தம்பி. உவவின்ரை நம்பரை எடும்."

பிறந்தநாளுக்கு மறுநாள் தவறாமல் போன் எடுக்கிற மனுசிக்குப் போன் சரிவராதாம்! நான் பல்லைக் கடித்துக்கொண்டு நம்பரைக் கொடுத்தேன்.

மீனைப் பற்றி மெசேஜ் வந்தது. பிறகு மீனைப் பற்றியும் மழையைப் பற்றியும் வந்தது. ஒரு வருடம் போவதற்குள் மீனைப் பற்றி இரண்டு வரியும் மற்றதைப் பற்றி இருபது வரியுமாகிவிட்டது. கடைசியில் ஹரோவில் ஒரு கோப்பிக் கடையில் வைத்து, கலியாணம் செய்யலாமா என்று கேட்டார். யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆளைப் பிடிக்கவில்லை என்றில்லை. பிடித்ததுதான் பயம். ஒருமுறை வீட்டுக்குள் விட்ட ஆள் போனபோது நான் எழும்பினேன். இன்னொருமுறை அப்படி நடந்தால் நான் எழும்புவேனோ தெரியாது, என் மகள் எழும்ப மாட்டாள். அவள் அவரோடு ஒழுங்காகக் கதைப்பதுகூட இல்லை. அவர் வந்தால் ஐபேடைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விடுவாள்.

சொந்தக்காரர் எல்லாரும் கருத்துச் சொன்னார்கள். இந்தியாக்காரனோ, விசாரித்தாயோ, முதல் பட்டது காணாதோ என்றார்கள். அக்கா மட்டும் நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்லவில்லை. இன்ஜினியர் எனக்குப் பூ வாங்கித் தந்ததை அக்காவிடம் சொன்னேன்.

"மீன் எப்பிடி?" என்றார்.

மகளின் கணக்கு வீட்டுப்பாடத்துக்கு உதவி செய்ய முன்வந்ததைச் சொன்னேன்.

"ஓம். மீன் எப்பிடி?"

"அக்கா, என்ரை சீவியத்தைப் பற்றிக் கேக்கிறன், நீங்கள் மீனைப் பற்றிக் கேக்கிறியள்!" என்று ஒரு நாள் கத்தியே விட்டேன். அவர் கோப்பையைக் கழுவினார். "நானும் உன்ரை சீவியத்தைப் பற்றித்தான் கேக்கிறன், பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பனிக்காலத்தில் ஒரு சனிக்கிழமை இன்ஜினியரிடமிருந்து படம் வந்தது. மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. கீழே, "பயமா இருக்கு" என்று மட்டும் எழுதியிருந்தார். நான் அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"வயித்துக் கோளாறு. மூண்டு நாளைக்குத் தீன் போட வேண்டாமெண்டு சொல்லு. பேந்து ஒரு பச்சைப் பட்டாணியை அவிச்சு, தோல் உரிச்சு, நசிச்சுக் குடுக்கட்டும்." பிறகு, "பட்டாணி குடுக்கிற அண்டைக்கு நீ போய்ப் பார். வாறன் எண்டு சொல்லாதை" என்றார்.

செவ்வாய்க்கிழமை எனக்கு ஷிப்ட் இல்லை. ஹவுன்ஸ்லோவில் அவருடைய அறைக் கதவைத் தட்டினேன். திறந்தவரின் கண்ணாடி நெற்றியில் இருந்தது. விரல் நுனியில் ஒரு துளிப் பட்டாணி. என்னைக் கண்டு திகைத்தவர், "வாங்க... ஒரு நிமிஷம், இத முடிச்சிட்டு வந்துடறேன்" என்று என்னை வாசலிலேயே விட்டுவிட்டு மீனிடம் ஓடினார். மேசையில் ஒரு தட்டு. அதில் உரித்து, நசித்து, பெரிதாகப் போய்விட்டதென்று ஒதுக்கிய பட்டாணிகள் குவிந்து கிடந்தன. நானும் பக்கத்தில் போய் நின்றேன். மீன் பட்டாணியை வாய்க்குள் எடுத்தது. துப்பியது. "அடேய், அடேய்" என்றார் அவர். மறுபடியும் எடுத்தது. துப்பவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக மூச்சு விட்டோம்.

நாற்பது வயது மனிதன் ஒரு மீனுக்குப் பட்டாணி உரித்துக்கொண்டு நிற்கிறான், யாரும் பார்ப்பார்களென்பதற்காக அல்ல. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "எனக்கு ஓம்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை, பட்டாணியைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்தார். கலியாணத்துக்குச் சம்மதமென்று இன்னொருமுறை முழுதாகச் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த நாள் மீன் நிமிர்ந்து நீந்தியது.

கலியாணத்துக்கு ஒரு வாரம் முன்னமே அந்தத் தொட்டி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. கலியாணத்தன்று காலை ரெஜிஸ்ட்ரர் ஒஃபீஸில் கையெழுத்து, பிறகு கோயிலில் தாலி. எல்லாரும் அறுகரிசி போட்டு வாழ்த்தினார்கள். அக்கா வரவில்லை. வரமாட்டார் என்று தெரிந்தும் என் கண் வாசலிலேயே நின்றது. மகள் புதுச் சட்டையோடு ஒரு மூலையில் இருந்தாள், சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. மாலையில் வீட்டுக்கு வந்த சனத்தில் யாரோ ஒரு வாண்டு மீனுக்கும் கலியாணச் சாப்பாடு என்று கேக் துண்டொன்றைத் தொட்டிக்குள் போட்டுவிட்டது. தண்ணீர் பால் மாதிரிக் கலங்கியது. காலையில் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டு அசதியில் படுத்துவிட்டேன்.

மணி அடித்த சத்தத்தில் கண் விழித்தேன். விடிந்து வெகு நேரமாகியிருந்தது. ஐயோ, மீன்! படிகளில் விழுந்தடித்து இறங்கிக் கதவைத் திறந்தேன். மழைக்கோட்டோடு ஜப்பான் அக்கா. கையில் மூடி போட்ட ஒரு வாளி. மீனுக்கென்று முதல் நாளே பிடித்து வைத்த தண்ணீரை அடுத்த தெருவிலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருந்தார். எனக்கு வாழ்த்தும் இல்லை, ஒன்றும் இல்லை. நேரே தொட்டிக்கு முன்னால் போய் நின்றார்.

தண்ணீர் பளிங்கு மாதிரித் தெளிந்திருந்தது. வெள்ளை வாலை ஆட்டிக்கொண்டு மீன் எங்களைப் பார்க்க வந்தது.

"ஆர் மாத்தினது?"

"தெரியாது அக்கா" என்றேன். உண்மையாகவே தெரியாது.

குசினிக்குள்ளிருந்து என் மகள் எட்டிப் பார்த்தாள். பைஜாமாவின் ஒரு கை முழங்கைவரை நனைந்திருந்தது. அவளுக்குப் பின்னால் அவர் அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டு நின்றார்.

"நாங்கதான் அன்ரி. காலமை ஆறு மணிக்கே. அங்கிள் டியூப் பிடிச்சவர், நான் வாளி. கேக் போட்டவையை இனி இந்த வீட்டுக்குள்ளையே விடுறேல்லை எண்டு நாங்க முடிவெடுத்திட்டம்."

அக்கா அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு போய், ஜன்னலோரம் நின்ற என் கறிவேப்பிலைச் சாடிக்கு அந்தத் தண்ணீரை ஊற்றினார். திரும்பி வந்து மழைக்கோட்டின் பொத்தான்களைக் கழற்றினார். கோட்டைக் கொழுக்கியில் மாட்டினார். உள்ளே பெரிய பெரிய சிவப்புப் பூப்போட்ட சட்டை, இத்தனை வருடத்தில் நாங்கள் ஒருவரும் கண்டதில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"தம்பி, எனக்கும் ஒரு தேத்தண்ணி போடும்" என்றார்.

மத்தியானம்வரை இருந்தார். இன்னொரு இடத்தைப் பற்றிக் கதையே இல்லை. மகளோடு சேர்ந்து ஒரு முழுக் கார்ட்டூன் பார்த்தார். போகும்போது நான் வாசல்வரை போனேன். கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, வெறும் வாளியை ஆட்டிக்கொண்டு, "நாளைக்கு நான் வரமாட்டன், பிள்ளை. இஞ்சை தண்ணி மாத்த ஆக்கள் இருக்கினம்" என்றார்.

முதல் நாள் அத்தனை பேர் அறுகரிசி போட்டபோதும் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.